சிவப்புப் புள்ளி, வட்டம், தீற்று: எல்லாமே 'சௌ ஃபே' தானா? உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். வியட்நாமின் நுயென் வம்ச ஆவணம் ஒன்றின் படத்துக்குத் தமிழில் குறிப்பு எழுத வேண்டும். கறுப்பு மையில் அதிகாரிகளின் விண்ணப்பம், அதன்மேல் பேரரசரின் சிவப்பு மை. முதல் எழுத்தின்மேல் ஒரு புள்ளி, நடுவில் சில பெயர்களுக்கு வட்டம், வேறு சில பெயர்கள்மேல் தீற்று. அகராதியில் 'சௌ ஃபே' (பேரரசர் சிவப்பு மையில் எழுதும் கருத்து) மட்டும்தான் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா? சில இடங்களில் 'சௌ'வுக்குப் பதில் 'சு' என்று வேறு இருக்கிறது.

பதில் 1:
'ங்கு ஃபே' என்று போட்டுவிட்டுப் போங்க. ராஜா எழுதிய எந்தக் குறிப்புக்கும் பொருந்தும்.

பதில் 2:
பொருந்தாது நண்பரே. 'ங்கு' எழுதியது பேரரசர் என்று சொல்கிறது, 'சௌ' மையைச் சொல்கிறது, ஆனால் 'ஃபே' என்றாலே வார்த்தைகளால் எழுதிய கருத்து. புள்ளியில் வார்த்தை எங்கே இருக்கிறது? அது 'சௌ தியெம்': ஆவணத்தின் தொடக்கத்திலோ ஒரு விஷயத்தின் மேலோ வைத்தால் பார்த்தாயிற்று, சம்மதம் என்று அர்த்தம். வட்டம் 'சௌ குயென்', பட்டியலில் தேர்ந்தெடுத்த பெயருக்குப் போடுவது. தீற்று 'சௌ மாத்', அந்த ஆள் வேண்டாம். ஆக உங்கள் படத்தில் 'சௌ ஃபே' இல்லவே இல்லை போலிருக்கிறது! சிவப்பு மை பட்ட இந்த ஆவணங்களுக்கு மொத்தமாக 'சௌ பான்' என்று பெயர், ஹனோயில் முதலாம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

'சு', 'சௌ' இரண்டும் ஒரே சீன எழுத்துதான். நுயென் ஃபுக் சு என்ற பிரபு 1691 முதல் 1725 வரை தெற்கே ஆண்டார், அவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று 'சௌ' ஆக்கிவிட்டார்கள். தமிழில் 'சாதிலிங்க மை' (சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமத்தின் பெயரில்) என்று எழுதலாமே, வெறும் சிவப்பு மை என்பதைவிட நன்றாக இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, சாதிலிங்கம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் இன்னொன்று, கடைசி வரியில் நாலைந்து எழுத்துகளைச் சிவப்பில் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக வேறு எழுத்துகள் இருக்கின்றன. அதுவும் 'மாத்' தானா?

பதில் 2:
இல்லை, அடித்தது 'சௌ ஸோ', பக்கத்தில் திருத்தி எழுதியது 'சௌ காய்'. வாசகத்தைத்தான் மாற்றச் சொல்கிறார், ஆளை நிராகரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே குறிப்பில் போடுங்கள்.

பதில் 3:
உண்மையான 'சௌ ஃபே' பார்க்க ஆசை என்றால் பேரரசர் து துக் (ஆட்சி 1847–1883) காலத்து ஆவணங்களைத் தேடுங்கள். மனுஷர் சில சமயம் வந்த விண்ணப்பத்தைவிட நீளமாக எழுதித் தள்ளியிருக்கிறார், அதிகாரிகள் பாவம்.