செவித்திறன் இழப்பும் மூளையும்: ஆய்வுக்கு எந்த வழியில் செல்வது?

மன்னார்குடி மாணவி:
செவித்திறன், பேச்சுக் குறைபாடுகளுக்கான பட்டப்படிப்பான பிஏஎஸ்எல்பியில் இறுதியாண்டு படிக்கிறேன். தவில் வாசிக்கும் என் பெரியப்பாவின் ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளக்கும் வரைபடம்) குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர் பேசுவது பிடிபடாமல், சும்மா தலையாட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். இத்தகைய குறையை ஆராய்வதே என் விருப்பம். அதற்கு ஆடியாலஜியிலேயே (செவித்திறன் இயல்) எம்.எஸ்சி. சேர்வதா, நரம்பறிவியலுக்கு மாறுவதா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தஞ்சை ஆசிரியர்:
இத்தகைய குறைக்கு என்ன காரணம் என்பது ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி, அம்மா. பேரிரைச்சலுக்கு ஆட்பட்ட எலிகளின் கேட்கும் திறன் இரண்டு வாரங்களுக்குள் பழைய அளவுக்குத் திரும்பினாலும், ஒலியை உணரும் உள் மயிர்ச்செல்களைச் செவிநரம்போடு இணைக்கும் சினாப்ஸ்களில் (நரம்பு இணைப்புகள்) ஏறக்குறைய பாதி வரை மீளாமல் அழிந்துபோவதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் காட்டினார்கள். மனிதர்களிடம் இதை உறுதிசெய்ய எல்லோரும் ஏற்கும் சோதனை இன்னும் இல்லை என்பதால், பெரியப்பாவுக்கும் இதுதான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஆடியாலஜியை விடாதீர்கள் என்பேன். நோயாளியை நேரில் சோதித்து, பெரா அலைகளை (ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகள்) படித்துப் பழகியவருக்கே எதைக் கேட்க வேண்டும் என்பது புரியும். மைசூரு அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் வரை படிக்கலாம்.

நாகை வாசகர்:
ஆசிரியர் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். எந்த வழியில் போனாலும் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் தெரியாமல் மூளை அலைத் தரவை அலச இயலாது. அதை இப்போதே தொடங்குங்கள். காது மெஷின் வைத்தால் மறதிநோய் வராது என்று வரும் செய்திகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில் மூன்றாண்டு முடிவில் பங்கேற்றவர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, காது மெஷின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. மறதி அபாயம் கூடுதலாக இருந்த முதியவர்களிடம் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 விழுக்காடு குறைந்தது.

மன்னார்குடி மாணவி:
இருவருக்கும் நன்றி. எங்கள் பக்கத்து மேளக் குழுவினரையே சோதித்து ஆய்வேடு எழுத முடியுமா, ஐயா?

தஞ்சை ஆசிரியர்:
தாராளமாக எழுதலாம், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கலைஞர்களின் ஒப்புதலும் முதலில் வேண்டும். கச்சேரி முடிந்த கையோடு சோதித்தால் தற்காலிகக் காது மந்தமும் முடிவில் கலந்துவிடும் என்பதால், முகூர்த்தம் குறைந்த ஆடியிலோ மார்கழியிலோ, முந்தைய நாள் வாசிக்காதவர்களாகப் பார்த்துச் சோதியுங்கள். இரைச்சலுக்கிடையே தமிழ்ச் சொற்களை அடையாளம் காணும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் சிரமம் அங்கேதான் வெளிப்படும்.