மத்தியானம் ஆனா இன்வெர்ட்டர் நின்னுடுது: 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'

கேள்வி:
உடுமலை பக்கம் தோட்டத்து வீடு. 3 பேஸ் சர்வீஸ். அதுல Y பேஸ்ல (R, Y, B மூணு பேஸ்ல ஒண்ணு) 3 கிலோவாட் ஆன்-கிரிட் (இ.பி. லைனோட சேர்ந்து ஓடுற) சோலார். பதினோரு மணிக்கு மேல 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'னு (லைன் வோல்டேஜ் அதிகம்னு) நிக்குது, கொஞ்ச நேரத்துல தானா ஓடுது, திரும்ப நிக்குது. மேகம் போட்டா தொந்தரவே இல்ல. இன்வெர்ட்டர் நிக்கற லிமிட் 264 வோல்ட். மாடி இன்வெர்ட்டர்ல இருந்து மீட்டர் வரை 45 மீட்டர், 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர். இன்வெர்ட்டர் போர்டு போயிருக்குமா சார்?

பதில்:
போர்டு நல்லாத்தான் இருக்கு, வயர்தான் பத்தல. கரண்ட்டை வெளிய தள்ள இன்வெர்ட்டர் லைனை விட வோல்டேஜை ஏத்தியே ஆகணும். 3 கிலோவாட்டுக்கு 12.5 ஆம்பியர். 2.5 ஸ்கொயர் காப்பர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.0074 ஓம், போக வர 90 மீட்டர். பெருக்கினா 8 வோல்ட்டுக்கு மேல வயர்லயே ஏறுது. 10 ஸ்கொயர் போட்டா 2 வோல்ட்தான்.

ஆனா உடனே வயர் வாங்கிடாதீங்க. நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் முனையிலயும் மீட்டர்லயும் ஒரே நேரத்துல அளக்கணும். அப்புறம் சோலார் ஏ.சி. எம்.சி.பி.யை (பிரேக்கர் சுவிட்ச்சை) இறக்கிட்டு மீட்டர்ல மூணு பேஸும் பாருங்க. எலக்ட்ரீஷியன் வெச்சே செய்ங்க.

கேட்டவர்:
ஓடும்போது இன்வெர்ட்டர்ல 263, மீட்டர்ல 255. நிறுத்தினா R 243, Y 251, B 246. இன்ஸ்டாலர் லிமிட்டை 275 ஆக்கிடலாம்ங்கிறார்.

பதில்:
வேண்டவே வேண்டாம். மத்திய மின்சார ஆணையத்தோட 2013 விதிப்படி லைன் வோல்டேஜ் 110 சதவீதம் தாண்டினா இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள்ள கழண்டுக்கணும். 240க்கு அதுதான் 264. ஏத்தி வெச்சா வீட்டு ஃப்ரிட்ஜும் டிவியும்தான் அடி வாங்கும்.

உங்க அளவுல 8 வோல்ட் உங்க வயர், 4 வோல்ட் மீட்டருக்கு வெளிய இருக்கற லைன். முதல்ல மெயினை இறக்கிட்டு நியூட்ரல் லக் (வயர் முனை இணைப்பு) எல்லாம் இறுக்குங்க. லூஸ் நியூட்ரல் இருந்தா ஒரு பேஸ் ஏறி இன்னொண்ணு இறங்கும், உங்க 251-243 வித்தியாசத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாம். அப்புறம் சோலாரை R பேஸுக்கு மாத்துங்க: 243 + 4 + 8, இன்வெர்ட்டர்ல 255. வயர் மாத்தாமலே ஓடும். 10 ஸ்கொயரும் போட்டா 249.

இன்னொருவர்:
பேஸ் மாத்தற முன்னாடி R பேஸை காலையிலயும் ராத்திரியிலயும் பாருங்க. பக்கத்துல மோட்டார் எல்லாம் நின்னா அதுவும் ஏறும். சோலார் நிறுத்தியும் மீட்டர்ல 254 தாண்டினா அது இ.பி. வேலை (240ல 6 சதவீதம்தான் அனுமதி). தேதி, நேரத்தோட அளவெழுதி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸ்ல கொடுங்க, டிரான்ஸ்பார்மர்ல டேப் (வோல்டேஜை கூட்டிக் குறைக்கிற அமைப்பு) இருந்தா இறக்கித் தருவாங்க.