இரண்டாயிரம் என்பது உச்சவரம்பா, விற்பனையா?

பழங்கட்டு (திருச்சி):
நண்பர் மின்மினி நேற்று எழுதிய ஒரு வரி இரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. “கல்கியே 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது, இரண்டாயிரம் பேர்கூட வாங்காத சிற்றிதழ்களை இன்னும் எதற்காகத் தாளில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? என் தளத்தில் ஒரு கட்டுரையை ஒரே இரவில் இருபதாயிரம் பேர் பார்த்தார்கள்” என்கிறார். பார்த்தார்களாம், படித்தார்கள் என்று சொல்ல அவருக்கே துணிவு வரவில்லை. 1959 ஜனவரியில் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பனைக்கு வைப்பதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். அந்த இரண்டாயிரத்தில்தான் ந.பிச்சமூர்த்தியின் கவிதைகள் வந்தன, நகுலன் வந்தார், பசுவய்யா வந்தார், தமிழில் புதுக்கவிதை என்ற ஒன்று நிலைபெற்றது. உங்கள் இருபதாயிரத்தில் என்ன நிலைபெற்றது என்பதை அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்.

மின்மினி (கோவை):
பெரியவர் கோபத்தில் ஒரு சிறிய தந்திரம் செய்திருக்கிறார். இரண்டாயிரம் என்பது செல்லப்பா தமக்குத் தாமே வைத்துக்கொண்ட உச்சவரம்பு. அத்தனை பிரதிகள் விற்றன என்பதற்கு அது சான்றாகாது. என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆயிரம் லிட்டர் கொள்ளும் என்பதால் அதில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பொருளாகுமா? ‘எழுத்து’ எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பு பதிலே இல்லை. ஆசிரியரே புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அலைந்தார் என்பதும் எல்லோரும் அறிந்த செய்திதான். எழுதியதைப் படிக்கவைக்க ஒரு மனிதர் தம் தோளைத் தேய்க்க வேண்டியிருந்த காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

பழங்கட்டு (திருச்சி):
“அந்த இரண்டாயிரத்தில்” என்று எழுதினேன். “இரண்டாயிரம் விற்றது” என்று நான் எங்கே எழுதினேன்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படியுங்கள். படிப்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காவேரி (கும்பகோணம்):
வார இதழ்களையும் சிற்றிதழ்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்களே, அச்சிதழ் என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் நல்லது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை என் பாட்டி வாரந்தோறும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்கள், பக்கத்தின் மறுபுறத்தில் பாதியில் அறுந்துபோன நகைச்சுவைத் துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம் என எல்லாம் அதோடு சேர்ந்தே தைக்கப்பட்டிருந்தன. இணையத்தில் அதே கதையின் எழுத்து கிடைக்கிறது, ஆனால் அந்த வாரம் கிடைப்பதில்லை.

கணக்கர் (சென்னை):
பாட்டியின் பைண்டு அழகுதான். ஆனால் முதன்மையான கேள்வி அப்படியே நிற்கிறது: இரண்டாயிரம் உச்சவரம்பு என்றால் விற்பனை எவ்வளவு? எண் தெரியாமல் “நிலைபெற்றது” என்று பேசுவது கணக்கு எழுதுகிறவனுக்கு ஒவ்வாது. தாள் விலை, அச்சுக்கூலி, அஞ்சல் செலவு எல்லாவற்றையும் கூட்டி, சந்தாவைக் கழித்துப் பார்த்தால் எந்தச் சிற்றிதழும் ஆசிரியரின் வீட்டுச் சம்பளத்தில்தான் ஓடியிருக்கும்.

பழங்கட்டு (திருச்சி):
வாருங்கள் கணக்கரே, எண்ணைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியானவர் யார்? 2018இல் என்னிடமிருந்து மூன்று பைண்டு தொகுப்புகளை வாங்கிக்கொண்டு போய், ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தீர்கள். மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எவ்வளவு என்பதையும் அதே பேரேட்டில் எழுதிவையுங்கள்.

இப்போது மின்மினிக்கு. ‘எழுத்து’ இதழில் தருமு சிவராமு என்ற பெயரில் ஒருவர் எழுதினார். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர், அப்போது இருபது வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவர். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. திருவல்லிக்கேணியின் ஒரு சந்திலிருந்து புறப்பட்ட இதழ் கடல் கடந்து அப்படி ஓர் இளைஞரின் கவிதைக்கு இடம் கொடுத்தது என்றால், அந்தப் பிரதி எத்தனையாவது பிரதி என்று எண்ணிக்கொண்டிருப்பதா நமக்கு வேலை? அந்த இதழ்களை இன்றைக்கும் எடுத்துப் புரட்ட முடிகிறது. ஆனால் தொண்ணூறுகளின் இறுதியில் வந்த தமிழ் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுங்கள் பார்க்கலாம். தளத்துக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று இருந்த காலம் அது. பாமினி என்ற எழுத்துருவில் எழுதிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். இணையப் பக்கங்களுக்கு இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதில் குடியிருந்த தமிழ்ப் பக்கங்களும் வீடிழந்தன. கரையானுக்குக்கூட ஒரு கட்டைத் தின்ன ஒரு பருவம் வேண்டும் ஐயா.

மின்மினி (கோவை):
பாமினியிலிருந்து எல்லாக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. பழைய செய்தித்தாளை மாற்றித் தரும் கருவி எது? மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னினும் அமிலமும் சேர்ந்து முப்பது நாற்பது ஆண்டுகளில் அதை மஞ்சளாக்கி, தொட்டாலே உதிரும் அப்பளமாக்கிவிடுகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமாக்கி, நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்த பிறகுதான் அந்தத் தாள்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. இதற்கும் பெரியவர் பதில் சொல்ல மாட்டார் என்று தெரியும். இரண்டாயிரம் உச்சவரம்பா, விற்பனையா என்பதற்கும் இதுவரை பதில் இல்லை.

பழங்கட்டு (திருச்சி):
நுண்படம் எடுக்க முதலில் ஒரு தாள் இருந்ததா, இல்லையா? கோட்டையூரில் ஒருவர் கட்டிவைக்காமல் போயிருந்தால் சிகாகோக்காரர்கள் எதைப் படம் பிடித்திருப்பார்கள், காற்றையா? மாற்றும் கருவி பக்கம் இருந்தால்தான் மாற்றும். தள உரிமையாளர் ஆண்டு வாடகையைக் கட்ட மறந்துவிட்ட பிறகு எதை மாற்றும்? உச்சவரம்பைப் பற்றி: அது ஒரு கொள்கை அறிவிப்பு. கூட்டம் வேண்டாம், வாசகன் போதும் என்று ஓர் ஆசிரியர் உரக்கச் சொன்னது. கூட்டத்தை மட்டுமே எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது விளங்காது.

யாழ்வாசி (யாழ்ப்பாணம்):
தாள் நிலைக்கும் என்று இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்துபோக வேண்டும். 1981 மே மாதத்தின் இறுதி இரவில் தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் மாற்றுப் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில்தான் எங்கள் பிள்ளைகள் இன்று பழைய ஈழத்துச் சஞ்சிகைகளைப் படிக்கிறார்கள். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யின் இதழ்களைத் தேடுகிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். அதே நேரம், ஜீவா கைப்பையில் இதழ்களை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றவர். அந்த விற்பனையைக் கேலி பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையும் மின்மினிக்குச் சொல்லிவைக்கிறேன்.

மின்மினி (கோவை):
நான் கேலி பேசவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டேன். யாழ்வாசி சொன்ன முதல் பாதி என் கட்சி, இரண்டாம் பாதி பெரியவரின் கட்சி. இரண்டு பந்தியிலும் அமர்ந்து சாப்பிடுவது அவருக்கு வழக்கம்தான்.

யாழ்வாசி (யாழ்ப்பாணம்):
எரிந்த நூலகத்தைப் பந்தி என்று எழுதியவருக்கு இனி நான் மறுமொழி தருவதாக இல்லை.

பழங்கட்டு (திருச்சி):
யாழ்வாசியின் துயரம் நியாயமானது. ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை. ஒரே இடத்தில் குவித்துவைத்தால் தாளும் எரியும், கணினியும் எரியும். இரண்டாயிரம் பிரதிகள் இரண்டாயிரம் வீடுகளின் பரணில் கிடந்தால் எவன் வந்து எதை எரிப்பான்?

கணக்கர் (சென்னை):
இதோ, “இரண்டாயிரம் வீடுகள்” என்று எழுதிவிட்டார்! உச்சவரம்பு என்று முன்பு ஒப்புக்கொண்டவர் இப்போது அத்தனை பிரதிகளையும் வீடு வீடாக விநியோகமே செய்து முடித்துவிட்டார்.

பழங்கட்டு (திருச்சி):
ஒப்புக்கொண்டேனா? நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, விளக்கினேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலையும் பந்தி, பரண் முதலியவற்றையும் விட்டுவிட்டு, அச்சிதழின் தேவை குறித்து மட்டும் எழுதுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பழங்கட்டு (திருச்சி):
எழுதுகிறேன். முடிதிருத்தகத்தில் முறைக்காகக் காத்திருக்கும்போது அட்டை கிழிந்த ஒரு வார இதழைப் புரட்டுகிறவன், தான் தேடாத ஒன்றைப் படிக்கிறான்; அவனுக்கு எது பிடிக்கும் என்று அந்த இதழுக்குத் தெரியாது. மின்மினியின் தளமோ நேற்று அவன் எதைத் தட்டினானோ அதையே இன்றும் ஊட்டுகிறது. ஒரு மாத இதழை ஆசிரியர் முப்பது நாள் வைத்துத் திருத்துகிறார், அச்சேறிய பிழைக்கு அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்கிறார். இணையத்தில் பிழையை இரவோடு இரவாக மாற்றிவிட்டு, அப்படி எழுதவே இல்லை என்று சாதிக்கலாம். மின்மினி தம் இருபதாயிரம் கட்டுரையின் தலைப்பை இரண்டு முறை மாற்றியதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரா?

மின்மினி (கோவை):
ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். உங்களைப் போல ஒரு மாதம் காத்திருந்து வருத்தம் தெரிவிக்க எனக்கு ஓய்வு இல்லை. ‘எழுத்து’ முதல் இதழின் அறிவிப்புப் பக்கம் உங்களிடம் இருந்தால், படம் பிடித்து இங்கே இடுங்கள். உச்சவரம்பா, விற்பனையா என்பதை எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்வோம்.

பழங்கட்டு (திருச்சி):
இட மாட்டேன். திருச்சிக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படியுங்கள்.

காவேரி (கும்பகோணம்):
நான் வரலாமா ஐயா? பாட்டியின் பைண்டில் நான்காம் பாகம் இல்லை. உங்களிடம் இருந்தால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுகிறேன்.

பழங்கட்டு (திருச்சி):
நான்காம் பாகம் கணக்கரிடம் இருக்கிறது, அம்மா.

கணக்கர் (சென்னை):
நான் வாங்கிக்கொண்டு போனது இரண்டு தொகுப்புகள். மூன்று என்பது உச்சவரம்பு.