மாணவர் கச்சேரி: ஆளுக்கொரு சுருதி, வரிசையை எப்படி அமைப்பது?

கேள்வி: வாய்ப்பாட்டு அரங்கேற்றம். சிறுமிகளுக்கு 5, 5½ கட்டை (சுருதியின் அளவு; இங்கே எண் கூடினால் சுருதி உயரம்). குரல் உடைந்த பையன்களுக்கு 1, 1½. வயலின் ஒன்று, மிருதங்கம் ஒன்று. யாரை முதலில் பாடவிடலாம்?

பதில்: வயதைப் பார்க்காதீங்க, சுருதிப்படி அடுக்குங்க. 5½, 5, அப்புறம் இடைவேளை, கடைசியில் பையன்கள். மிருதங்கத்தை அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம். 5-லிருந்து 1-க்கு இறக்கினால் வார் தளர்ந்து நாதமே போயிடும். ஹெச்சு (உயர்ந்த சுருதி), தக்கு (தாழ்ந்த சுருதி) என இரண்டு மிருதங்கம் வேணும்னு வித்வானிடம் இப்பவே சொல்லுங்க.

பதில்: வயலின் தந்தியும் சுருதி மாற்றியதும் நிலைக்காது, நழுவும். அது நிலைக்க நேரம் வேணும். பரிசளிப்பை அந்த இடைவேளையில் வையுங்க.

பதில்: சுருதி தரும் தம்பூரா நிற்கவே கூடாது. பதற்றத்தில் குழந்தை பஞ்சமத்தையே (ப) ஷட்ஜமமாக (ஆதார சுரமான ஸ) பிடிச்சிடும். பிறகு மேல்ஸ்தாயி (உயர்ந்த சுரங்கள்) எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து ஸ-ப-ஸ மெல்லப் பாடிக் காட்டிட்டு எடுக்கச் சொல்லுங்க.