மேற்கு பார்த்த அரை கிரவுண்ட், சித்தாலப்பாக்கம்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

அரை_கிரவுண்ட்:

வணக்கம். சென்னையின் தெற்குப் புறநகரான சித்தாலப்பாக்கத்தில் 30க்கு 40 அடி மனை, அதாவது அரை கிரவுண்ட், வாங்கிப் போட்டு மூன்று வருடம் ஆகிறது, இப்போதுதான் கட்ட நேரம் வந்திருக்கிறது. மேற்கு பார்த்த மனை, 30 அடிப் பக்கம் ரோடு. தெற்கே ஏற்கெனவே இரண்டு மாடி வீடு, வடக்கே காலி மனை, பின்னால் கிழக்கே தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீடு. கீழே அம்மாவுக்கு ஒரு ரூம், ஹால், கிச்சன். மேலே எங்களுக்கு இரண்டு ரூம். அவ்வளவுதான் தேவை.

இன்ஜினியர் ஒருவர் பிளான் கொடுத்தார். பிளான் என்பதைவிட 3டி படம் கொடுத்தார் என்று சொல்லலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சாம்பல் நிறத்தில் ஏசிபி என்கிற அலுமினிய ஷீட், நடுவில் எல்இடி கோடு, பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கிறது. மேற்கு வெயில் நேராக அடிக்குமே என்று கேட்டேன், "ஏசி போட்டுக்கலாம் சார்" என்றார். இப்போது இருக்கும் வாடகை வீட்டிலும் அதே கதைதான், மேல்மாடி, மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட சுவரைத் தொட்டால் சுடுகிறது.

என் பெரியம்மா வீடு திருவல்லிக்கேணியில். முற்றம், திண்ணை, மெட்ராஸ் டெரஸ் எல்லாம் இருந்த பழைய வீடு. அந்த மாதிரி இந்த ஊருக்கு ஏற்ற வீடாகக் கட்ட ஆசை. அரை கிரவுண்டில் முற்றம் சாத்தியமா? செட்டிநாடு ஸ்டைல், மண் கல், ராட் ட்ராப் பாண்ட் என்று யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? அம்மா வாஸ்துவில் பிடிவாதம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேய்ந்த_டேப்:

நல்லவேளை, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் கேட்டீர்கள். இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேற்கு பார்த்த மனை என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். உங்கள் மனையில் மேற்கே இருப்பது குறுகலான பக்கம், நீளமான 40 அடிச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன, நம் ஊருக்கு அது நல்ல கிடப்பு. கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஜூன் மாத உச்சிவெயில் நமக்குத் தெற்கே அல்ல, வடக்கே சாய்ந்து, ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒரு அடி சன்ஷேட் இருந்தாலே அந்த நேரம் வடக்கு ஜன்னல் முழுக்க நிழல். டிசம்பரில் தெற்கே 53 டிகிரி. இரண்டு அடி சன்ஷேட் போட்டால் அதற்குக் கீழே இரண்டரை அடிக்கு மேல் நிழல் விழும், மிச்சம் கொஞ்சம் வெயில் டிசம்பரில் உள்ளே வந்தால்தான் என்ன. இப்போது மேற்குக்கு வாருங்கள். மே மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூரியன் 20 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதே இரண்டு அடி சன்ஷேட் முக்கால் அடி நிழல்கூடத் தராது. மேற்கே சன்ஷேட் வெறும் அலங்காரம். அங்கே வெயிலை நின்று மறைக்கிற பொருள்தான் வேண்டும்: துளை துளையாக இருக்கும் சுடுமண் ஜாலி, பால்கனியில் மூங்கில் தட்டி, வாசலில் மரம். கண்ணாடியை மட்டும் மறந்துவிடுங்கள்.

இதைவிட நல்லது, படுக்கவோ உட்காரவோ செய்யாத இடங்களை மேற்கே தள்ளிவிடுவது. மாடிப்படியைத் தென்மேற்கில் வையுங்கள். கன்னி மூலையில் படிக்கட்டு வாஸ்துக்காரர்களுக்கும் சம்மதமாகத்தான் இருக்கும், அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். சாயங்கால வெயிலை வாங்கிச் சுடுகிற சுவர் படிக்கட்டோடு நின்றுவிடும். படிக்கட்டின் தலைப்பகுதியில், மொட்டை மாடிக்கு மேலே, மேற்கு வடக்குப் பக்கங்களில் மழைச்சாரல் வராத மாதிரி லூவர், அதாவது சாய்வுப் பட்டைகள் வைத்த திறப்பு, விட்டால் வீட்டுச் சூடெல்லாம் அந்த வழியாக ஏறி வெளியே போகும்.

அப்புறம் காற்று. சென்னையில் கோடைக்காலத்தில் நம்மைக் காப்பாற்றுவது மத்தியானத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று. சித்தாலப்பாக்கத்துக்குக் கடலோரத் திருவான்மியூரைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். உங்களுக்கு அது வீட்டின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. எல்லாரும் ரோட்டுப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்துவிட்டுப் பின்பக்கத்தை டாய்லெட், வாஷிங் மெஷின் என்று அடைத்துவிடுவார்கள், பிறகு காற்றே இல்லை என்பார்கள். பின் செட்பேக்கை, அதாவது பின்னால் கட்டாமல் காலியாக விடும் இடத்தை, விதிக்கு மேல் ஒரு அடி, இரண்டு அடி கூடவே விடுங்கள். பின்வீடு தரைத்தளம் மட்டும் என்பதால் மாடியில் உங்கள் இரண்டு ரூமும் கிழக்கே வரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்றும் அந்தப் பக்கம்தான், அதனால் கிழக்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேட் இரண்டு அடிக்குக் குறையக்கூடாது.

வாஸ்துவுக்கும் சென்னைக்கும் ஒரே ஒரு சண்டை உண்டு, அது கிச்சன். அக்னி மூலை என்று தென்கிழக்கில் வைக்கிறோம். காற்று தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. மீன் வறுத்தால் ஹால், பெட்ரூம், பீரோவில் இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் வாசனை. வடமேற்கு, அதாவது வாயு மூலை, வாஸ்துவிலேயே கிச்சனுக்கு இரண்டாவது இடம். அங்கே வைத்தால் சூடும் புகையும் அப்படியே வெளியே போய்விடும்.

ஜன்னல் அளவு: மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதாவில் நம் மாதிரி சூடும் புழுக்கமுமான ஊர்களுக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய ஜன்னல் வேண்டும் என்று இருக்கிறது. அது பெரிய மனைகளுக்கான விதி, உங்களைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் கணக்கு நல்ல கணக்கு. 10க்கு 12 ரூம் என்றால் 20 சதுர அடி, அதாவது 4க்கு 5 ஜன்னல் ஒன்று. அதையே யுபிவிசி ஸ்லைடிங்காகப் போட்டால் பாதிதான் திறக்கும். கதவு மாதிரி முழுக்கத் திறக்கிற ஜன்னல் போடுங்கள்.

செட்டிநாட்டு வீடு அழகுதான், ஆனால் அது காரைக்குடி வெயிலுக்கானது. வறண்ட ஊரில் கனமான சுவர் பகலில் சூட்டை வாங்கி ராத்திரி குளிர்ந்துவிடும். இங்கே ராத்திரியும் புழுக்கம், சுவர் குளிர நேரம் கிடைப்பதில்லை. நமக்கு வேண்டியது நிழலும் காற்றும்தான்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு வாரத்துக்கு யாரையும் பிளான் போடச் சொல்லாதீர்கள். காலை எட்டு, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் நாலரை, மூன்று நேரமும் மனையில் போய் நில்லுங்கள். ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வைத்தால் காற்றுப் போக்கு தெரியும். நான் முதலில் வரைவது வெட்டுப்படம், தரையிலிருந்து மொட்டை மாடி வரை வீட்டைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்க்கிற படம், காற்று எங்கே நுழைந்து எங்கே ஏறும் என்பது அதில்தான் தெரியும். அதிலிருந்து பிளான். எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம், கடைசி. உங்கள் இன்ஜினியர் தலைகீழாக வந்திருக்கிறார்.

மொட்டைமாடி_மங்கை:

முற்றம் பற்றி அனுபவப்பட்டவள் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் நாங்கள் கட்டும்போது ஆசைப்பட்டு நடு ஹாலில் 8க்கு 8 திறந்துவிட்டோம். முதல் மாதம் கவிதை. அப்புறம் கொசு, பூனை, மழை நாளில் ஹால் முழுக்கத் தண்ணீர், திருட்டுப் பயத்துக்கு இரும்பு கிரில், கடைசியில் வேறு வழியில்லாமல் மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினோம். மூடினதும் அது அடுப்பாகிவிட்டது, வெளிச்சத்தோடு சூடும் உள்ளே வந்து அங்கேயே நின்றது. இரண்டு கோடை தாங்கினோம். பிறகு ஒரு மேஸ்திரி சொன்ன யோசனைப்படி ஷீட்டை இரண்டு அடி உயர்த்தி, சுற்றிலும் கொசுவலை அடித்தோம், ஷீட் மேலே பாதிக்கு வெள்ளை அடித்தோம். இப்போது பரவாயில்லை, காற்று இழுக்கிறது. அதே வேலையை உங்களுக்கு அந்தப் படிக்கட்டே செய்துவிடும் என்று தேய்ந்த_டேப் சொல்வது சரி. 64 சதுர அடி அரை கிரவுண்டில் ஒரு சின்ன ரூம், யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெயித்த இடம் ஒன்று உண்டு, மொட்டை மாடி. எங்கள் கான்ட்ராக்டர் கெமிக்கல் கோட்டிங் அடித்தால் போதும் என்றார். நான் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புதான் வேண்டும் என்று சண்டை போட்டேன். சுண்ணாம்பை நீற்றி, ஜல்லியோடு கலந்து மூன்று அங்குலம் பரப்பி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள், அது இறுகினதும் மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதிப்பார்கள். பழைய மெட்ராஸ் டெரஸில் மரக்கட்டை மேல் செங்கலைச் செருகிப் போட்ட தளத்துக்கு மேலேயும் இதே சுண்ணாம்பு ஜல்லிதான். உங்கள் பெரியம்மா வீடு குளிர்ச்சியாக இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கான்கிரீட் தளத்துக்கு மேலேயும் அதே வேலை செய்யும். இப்போது நிறைய பேர் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கலந்து ஒரே நாளில் முடிக்கிறார்கள், அது வெடிக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள். வெள்ளை கூலிங் டைல்ஸும் நல்லதுதான், ஆனால் அழுக்குப் படிந்தால் பாதி பலன் போயிற்று, மாதம் ஒருமுறை கழுவ ஆள் வேண்டும். வடகம் காயப் போடும்போது கண் கூசும்.

ராட் ட்ராப் பாண்டுக்கு ஆசைப்பட்டோம். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறையக் கட்டின முறை, செங்கல் கால் பங்கு மிச்சம், வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். ஆனால் கல் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த லோடில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு சைஸ். கொத்தனாருக்கும் பழக்கமில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கைவிட்டோம்.

அரை_கிரவுண்ட்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வாயு மூலை கிச்சன் என்றதும் அம்மா முகம் சுருங்கியது, குடும்ப ஜோசியரிடம் போன் போட்டார், அவர் சரி என்றுவிட்டார்! மண் கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்னொரு பயம் தண்ணீர். 2015லும் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கமெல்லாம் நின்றது என்கிறார்கள். பேஸ்மட்டம் எவ்வளவு உயர்த்துவது?

முடிச்சூர்க்காரன்:

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டு ஹாலுக்குள் மூன்று அடி வந்தது, அதனால் இதை மட்டும் நான் சொல்கிறேன், வெயில் காற்றெல்லாம் மேலே சொன்னவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மனை விற்றவரிடம் கேட்காதீர்கள். டீக்கடை, இஸ்திரி வண்டி, பழைய காம்பவுண்டு சுவரில் கறை, இந்த மூன்றையும் பாருங்கள். தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி என்று வையுங்கள். மட்டத்தை ரோட்டின் நடுவிலிருந்து எடுங்கள், மனைத் தரையிலிருந்து அல்ல. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு என் வீட்டு வாசல்படி இரண்டு காணாமல் போயிற்று.

மனை முழுக்க டெப்ரிஸ் கொட்டி உயர்த்தாதீர்கள், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், நாளைக்கு அவரும் உயர்த்துவார். வீட்டை மட்டும் உயர்த்துங்கள், சுற்றி மண்ணாகவே இருக்கட்டும். முடிந்தால் ரோட்டுப் பக்கம் வீட்டைத் தூண் மேல் தூக்கி, கீழே கார் நிறுத்த இடம் விட்டால் தண்ணீருக்கும் வழி.

கீழ்த்தளத்தில் பிளக் பாயிண்ட் எல்லாம் நாலு அடி உயரத்தில். ஈபி மீட்டர் அதற்கும் மேலே. சம்ப் மூடி தரையிலிருந்து இரண்டு அடி தூக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீரில் கலக்கும். மழை எச்சரிக்கை வந்தால் சம்ப்பை நிரப்பி வையுங்கள். காலி சம்ப்பை நிலத்தடித் தண்ணீர் கீழிருந்து தூக்கி விரிசல் விட வைக்கும், எங்கள் தெருவில் நடந்தது. கழிவுநீர் லைனில் திரும்பி வராத வால்வு கட்டாயம். கீழ்த்தள டாய்லெட் பொங்கி வருவதைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வால்வின் அருமை தெரியும்.

மண் பரிசோதனைக்குக் காசு பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் களிமண் நிறைய, மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சுவர் வெடிக்கும். களி என்று வந்தால் அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் மாதிரி விரிந்த ஆழமான தூண் அஸ்திவாரம், போடச் சொல்வார்கள், செலவு கூடும், போடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியும் அப்படித்தான், களிமண்ணில் ஜல்லி நிரப்பின சின்னக் குழி ஒன்றுக்கும் உதவாது, கீழே மணல் தட்டும் வரை துளை இறக்க வேண்டும்.

தேய்ந்த_டேப்:

மண் கல் பற்றி: ஆரோவில்லில் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்கிறார்கள், சூளையில் சுட வேண்டாம், அருமையான கல். ஆனால் அங்கே தோண்டின இடத்திலேயே பொருத்தமான செம்மண். உங்கள் களிமண்ணில் அது வராது, கல்லை லாரியில் கொண்டுவந்தால் அதன் அர்த்தமே போய்விடும். தண்ணீர் நிற்கிற இடத்தில் கீழ்த்தளத்துக்கு அதை நான் சொல்லவும் மாட்டேன். நல்ல செங்கல் போதும், மேற்குச் சுவர் மட்டும் ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான கல்.

ஒரு நாள் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்நாடு, கேரளம் என்று பல ஊர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் ஒவ்வொரு திண்ணையிலும் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

அரை_கிரவுண்ட்:

ஞாயிறு மனைக்குப் போய்வந்தேன். ஊதுபத்திப் புகை மத்தியானம் வரை ஆடிக்கொண்டே இருந்தது, மூன்று மணிக்கு மேல் நேராக ரோட்டுப் பக்கம் போனது, நீங்கள் சொன்ன மாதிரியே. நாலரை மணிக்கு ஒரு சந்தோஷம், தெற்கு வீட்டு நிழல் என் மனையில் பாதிக்கு மேல் விழுகிறது. அப்படியென்றால் மேற்குச் சுவருக்கு இவ்வளவு பயப்பட வேண்டாமோ?

தேய்ந்த_டேப்:

அவசரப்படாதீர்கள், இது பிப்ரவரி. இப்போது சூரியன் தென்மேற்கில் இறங்குகிறது, அதனால் தெற்கு வீடு மறைக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்குக்கும் வடக்கே தள்ளி இறங்கும், அந்த நிழல் உங்கள் பக்கம் திரும்பியே பார்க்காது. உங்களுக்கு வடக்கே காலி மனை வேறு. சாயங்கால வெயில் சாய்வாகக் கிச்சன் வடக்கு ஜன்னலிலேயே நுழையும். அந்த ஜன்னலுக்கு மேலே ஒரு அடி சன்ஷேட், அதோடு மேற்கு ஓரத்தில் ஒன்றரை அடிக்குச் செங்குத்தாக ஒரு கடப்பா கல் நிறுத்துங்கள், சரியாகிவிடும். வாசலில் புங்கை ஒன்றை இப்போதே நட்டுவிடுங்கள், சென்ட்ரிங் அடிக்கிற ஆட்கள் ஒடிக்காமல் சுற்றி வேலி போட்டு.