துடுப்புக்கு நாலு பக்கமும் ஒரே தடவையில் வார்னிஷ் அடிக்க ஸ்டாண்டு செய்வது எப்படி?

காட்பாடிப் பட்டறை:
வணக்கம். ஏலகிரி ஏரியில் ஓட்டுகிற சின்னப் படகு ஒன்றுக்குத் துடுப்பும் உட்காரும் பலகையும் தேக்கில் செய்துகொண்டிருக்கிறேன். இழைப்பு முடிந்துவிட்டது, வார்னிஷ்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு பக்கம் அடித்துக் காயவிட்டு மறுபக்கம் அடித்தால் ஓரத்தில் வழிந்து தடித்துப்போகிறது, கயிற்றில் தொங்கவிட்டாலோ பிரஷ் பட்டதும் ஆடுகிறது. வீட்டில் கிடக்கிற கட்டையை வைத்தே ஏதாவது ஸ்டாண்டு செய்ய முடியுமா?

வாலாஜா தச்சர்:
தாராளமாக முடியும் தம்பி. இடுப்பு உயரத்துக்கு ரீப்பர் கட்டையில், அதாவது மெல்லிய நீளச் சட்டத்தில், இரண்டு கால் செய்து, தலையில் V மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். துடுப்பில் கை பிடிக்கிற இடத்துக்கு வார்னிஷ் கூடாது, வழுக்கும், கையும் கொப்பளிக்கும், அதனால் அந்த வெறும் பிடியை ஒரு காலில் வைத்துவிடலாம். அகலமான முனையின் நடுவில் மெல்லிய திருகு ஒன்றைப் பாதி இறக்கி, வெளியே நீட்டுகிற பாதியை அடுத்த காலில் வையுங்கள். இனிமேல் பிடியைத் திருப்பினால் மொத்தத் துடுப்பும் சுற்றும், ஈரத்தில் கை படவே படாது. அடித்து முடித்ததும் போய்விடாதீர்கள், வார்னிஷ் இறுகும்வரை அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருந்தால்தான் வழியாது. பலகைக்கு இதெல்லாம் வேண்டாம், ப்ளைவுட் துண்டுகளில் ஆணியை அடியிலிருந்து அடித்து முனை மேலே தெரிய வைத்தால் போதும். முதலில் அடிப்பக்கம் அடியுங்கள், ஈரத்தோடேயே கவிழ்த்து ஆணி முனைகளில் உட்காரவைத்து ஓரமும் மேல்பக்கமும் முடியுங்கள். அடியில் விழும் புள்ளியை யார் பார்க்கப்போகிறார்கள்!

ஆம்பூர்வாசி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் மதியத்தில் அடித்தால் பிரஷ் திரும்பி வருவதற்குள் மேலே ஆடை கட்டிவிடும், கோடு கோடாக நிற்கும், வெயிலில் சூடான மரமென்றால் கொப்புளமும் வரும். காலையில் பனி ஈரம் போனதும், நிழலில் அடியுங்கள். முன்னாடியே பெருக்கித் தண்ணீர் தெளித்து ஃபேனை நிறுத்திவிட்டால் தூசி ஒட்டாது. தேக்கில் எண்ணெய் இருக்கும், முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு உரிந்து வரும். மேசை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷ் வேண்டாம், படகுக்கென்றே விற்கிற மரைன் வார்னிஷ் வாங்குங்கள், அதுதான் மரம் உப்பிச் சுருங்கும்போது கூடவே வளைந்துகொடுக்கும், வெயிலையும் தாங்கும். முதல் தடவை அடிக்கிற வார்னிஷில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தால் மரத்துக்குள் இறங்கும்.

காட்பாடிப் பட்டறை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அடுத்த தடவை வார்னிஷ் அடிப்பதற்கு முன் எப்போது தேய்க்கலாம்? அந்தத் திருகு ஓட்டையை என்ன செய்வது?

வாலாஜா தச்சர்:
320 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் தேய்க்கலாம், தாளில் பிசினாக ஒட்டினால் இன்னொரு நாள் விடுங்கள். ஓட்டையை எபாக்சி பசையால் அடைத்துவிட்டு மேலே வார்னிஷ் தொட்டுவிடுங்கள், முனையில்தான் தண்ணீர் முதலில் ஏறும். அப்புறம், வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.