தோரா (யூதர்களின் வேதம்) வாசிப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் வாருங்கள், மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கார்மேல்_காற்று:
ஹைஃபாவில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நாலு வருஷம் இருந்தேன். சபா என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா (நம் கச்சேரி சபா இல்லை). சனிக்கிழமை காலையில் சினகாக்குக்கு (யூதர்களின் தொழுகைக்கூடம்) சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நிற்பேன். அன்றைக்கு கி தாவோ பராஷா, அதாவது அந்த வாரத்துக்கான தோராப் பகுதி. ராகமாக வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று குரலை இறக்கி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி முணுமுணுவென்று ஓட்ட ஆரம்பித்தார். ஆளுக்கு மயக்கமோ என்று எட்டிப் பார்த்தேன், மற்றவர்கள் யாரும் அசையவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், சாபங்கள் வரும் இடம், அப்படித்தான் படிப்பார்கள் என்றார் சபா. அப்புறம் அவராகவே ஒரு வசனம் சொன்னார்: காலையில் எப்போது சாயங்காலம் வரும் என்பாய், சாயங்காலத்தில் எப்போது விடியும் என்பாய். தினமும் ராத்திரி ரெண்டு மூணு தடவை என்னை எழுப்பி "விடிந்துவிட்டதா?" என்று கேட்கிற மனுஷன் அவர். அன்றைக்குக் கேட்கவில்லை. நான்தான் தூங்கவில்லை.

எடிசன்_வாசி:
எனக்கு நியூஜெர்சியில், கூட வேலை செய்பவரின் பையனுக்கு பார் மிட்ஸ்வா, பையன் பெரியவர்கள் கணக்கில் சேருகிற யூதச் சடங்கு. 13 வயசு. தோரா எழுதிய தோல் சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, ராகக் குறியும் கிடையாது, எல்லாம் மனப்பாடம். நுனியில் கை வடிவம் உள்ள வெள்ளிக் குச்சியால் வரியைத் தொட்டுத் தொட்டுப் போனவன் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதும் மூணு மூலையிலிருந்து சத்தமாகத் திருத்தினார்கள். காது சிவந்துவிட்டது. திரும்பப் படித்துவிட்டு மேலே போனான், அவ்வளவுதான். முடிந்ததும் அவன் மேல் ஜெல்லி மிட்டாயாக எறிந்தார்கள், திருத்தினவர்கள்தான் முதலில். என் பெண் ஆண்டு விழா மேடையில் மறந்துபோய் நின்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டவன். அது இன்னும் உறுத்துகிறது.

ஏடு_புரட்டி:
முதலில் எழுதியவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். சாபத்துக்குக் குரலை இறக்கினால் போதாது, நடுவில் நிறுத்தவும் கூடாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பகுதிக்கு வேறு ஆளை அழைக்காமல் வாசிப்பவரே எடுத்துக்கொள்வார். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன்னால் இதைப் படிக்க வைத்தது பழங்கால வேத அறிஞர் எஸ்றா, வருஷத்தோடு அதன் சாபங்களும் ஒழியட்டும் என்று, இது மிஷ்னாவை விளக்கும் தல்மூதில் இருக்கிறது. நான் ஒரே தடவைதான் போனேன், பின்வரிசை, ஒன்றும் புரியவில்லை. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் தயவுசெய்து போனை அணைத்து வையுங்கள், சப்பாத்தில் (சனிக்கிழமை ஓய்வுநாள்) படம் எடுக்காதீர்கள், ஆண்கள் வாசலிலேயே குல்லா எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சுருள் வைத்திருக்கும் பேழையைத் திறந்தால் எழுந்து நில்லுங்கள், எழுத்தின் மேல் விரல் வைக்காதீர்கள், அதற்குத்தான் அந்த வெள்ளிக் கை. போவதற்கு முந்தின நாள், இந்தச் சாபங்கள் வரும் உபாகமம் 28ஆம் அதிகாரத்தைத் தமிழில் ஒரு தடவை படித்துவிடுங்கள். 14 வசனம் ஆசீர்வாதம், மிச்சம் 54 சாபம், யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

எடிசன்_வாசி:
அண்ணா, இங்கே யாரும் வழி கேட்கவில்லையே.

கார்மேல்_காற்று:
நாலு வருஷமும் குல்லா போட்டுக்கொண்டுதான் நின்றேன் ஐயா. எஸ்றா சொன்னது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் என்னைக் குடைவது வேறு. அந்த வசனம் வந்தபோது நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபாவின் முகத்தைப் பார்க்கவில்லை.